ஊளையை நீக்கியவள்

மேசை அலறியபோது தாட்சாயணி வேறொரு விமானத்துடன் பேசிக்கொண்டிருந்தாள்.

கொற்றலைப்பாக்கம் விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையில் அந்த மணி ஒலித்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. தனக்குக் கொடுக்கப்பட்ட உயரத்தை விட்டு ஒரு விமானம் தன்னிஷ்டத்துக்கு இறங்கினால் மட்டுமே ஒலிக்கிற மணி. திரையில் ஒரு புள்ளி மஞ்சளாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பானது. பக்கத்தில் 'குருவி ஏழு' என்ற பெயர். உயரம் நாலாயிரத்து இருநூறு அடி.

ஐயாயிரத்தில் இருக்க வேண்டிய விமானம் அது. இவளுடைய அலைவரிசைக்கு வந்து இன்னும் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"குருவி ஏழு, உங்க உயரத்தைப் பாருங்க. உடனே ஐயாயிரத்துக்கு ஏறுங்க."

பதில் இல்லை.

"குருவி ஏழு, உங்களுக்கு முன்னாடி பெரிய சரக்கு விமானம் போகுது. ஏறுங்க."

காதில் ஏதோ பாதிச் சொல் விழுந்தது. பிறகு தெளிவான, கழுவிவிட்டது போன்ற அமைதி. புள்ளி இரண்டு முறை சிமிட்டியது. மூன்றாவது முறை சிமிட்டவில்லை.

மாலை மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிஷம். கண்ணாடிச் சுவருக்கு வெளியே வெயில் தகதகத்தது. தூரத்தில் உப்பளங்களுக்கு மேலே தூசி மாதிரி ஏதோ எழும்பியது. அது தூசி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

லாரி ஒன்று வேகமாகப் போன பிறகு சாலையோரத்துக் குப்பை சுழல்கிறதல்லவா, அது போலத்தான். நானூறு டன் சரக்கு விமானம் போன வழியில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு சுழல்கள் நிமிஷக்கணக்கில் நிற்கும். பதினோரு பேர் மட்டும் போகிற சின்ன விமானம் அதற்குள் நுழைந்தால் காற்று அதைத் தோசை மாதிரி திருப்பிப் போடும். போட்டது. பயணிகளில் மூன்று பேர் போனார்கள். துணை விமானி கனிஷ்கா போனாள். அவளுக்கு இருபத்தாறு வயது, வேலைக்கு வந்து நாலு மாதம். கேப்டன் அல்போன்ஸ் ரொட்ரிகோவை இடது கால் நொறுங்கிய நிலையில் உப்புச் சேற்றிலிருந்து இழுத்தெடுத்தார்கள்.

நாலு பேர். கட்டுப்பாட்டு அறையில் யாரும் அந்த எண்ணை அவள் முன்னால் உச்சரிக்கவில்லை. ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

விசாரணை ஐந்தாவது வாரம் தொடங்கியது.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு கேள்வியும் கேட்டார். முதலில் ஒலிப்பதிவைப் போட்டார்கள். தாட்சாயணியின் குரல், சரக்கு விமானத்தை மூவாயிரம் அடிக்கு இறங்கி எட்டாம் ஓடுபாதைக்கு வரச் சொன்னது. சரக்கு விமானத்தின் விமானி அதைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான். நாற்பது விநாடி கழித்து அந்த மணி.

"கேப்டன், அந்த உத்தரவு உங்களுக்கு இல்லை. நீங்கள் ஏன் இறங்கினீர்கள்?"

ரொட்ரிகோ சக்கர நாற்காலியில் இருந்தார். ஐம்பத்துநாலு வயது. தூத்துக்குடிக்காரர். குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்.

"அலைவரிச மாத்துனோம் சார். மாத்தின நொடியில 'மூவாயிரத்துக்கு இறங்கி எட்டாம் ஓடுபாதைக்கு வாங்க'ன்னு பாதியில இருந்து கேட்டுச்சு. யாருக்குன்னு முதல்ல சொன்னது எங்க காதுல விழல. நாங்க இறங்க வேண்டிய நேரமும் அதுதான். நமக்குத்தான்னு நெனச்சோம். திருப்பிச் சொன்னோம். தப்பா இருந்தா அங்க இருந்து மறுக்கணும்லா. யாரும் மறுக்கல."

"பதிவில் உங்கள் குரல் இல்லையே."

"சொன்னோம் சார்."

"உங்கள் விமானத்தில் குரல் பதிவுப் பெட்டி உண்டா?"

"இந்த அளவு விமானத்துக்கு அது கட்டாயமில்ல சார். கம்பெனி வைக்கல."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தாட்சாயணி பக்கம் திரும்பினார். "அந்த நேரத்தில் உங்கள் காதில் இரண்டாவது குரல் ஏதாவது கேட்டதா, அம்மா?"

"இல்லை சார்."

அது உண்மை. நூற்றுக்கு நூறு உண்மை. 

"வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

"இல்லை சார்."

இது உண்மை இல்லை.

மறுநாள் ஒரு மாலைப் பத்திரிகை 'பேசாத பேச்சைப் பேசிய கேப்டன்' என்று தலைப்புப் போட்டது. ரொட்ரிகோவின் விமானி உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகப் போலீஸ் வழக்கும் தயாராகிறது என்றார்கள். கட்டுப்பாட்டு அறைத் தலைவர் வரதன் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தாட்சா, உன் மேல ஒரு கீறல் விழல. பத்து நாள் லீவு போட்டுட்டு எங்கயாவது போய்ட்டு வா. மூணாறு, கீணாறு."

"சார், அந்தத் தெளிவி..."

"தெளிவி என்ன பண்ணுச்சு? நல்லாத்தானே வேலை செய்யுது." அவர் மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார். "அதைப் பத்தி யாரும் கேக்கல. கேக்காததுக்கு நாம எதுக்குப் பதில் சொல்லணும்?"

தெளிவி என்ன என்று சொல்லிவிடுவது நல்லது.

வானொலியில் ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். விமானி பட்டனை அழுத்திப் பேசுவார், விடுவார், அடுத்தவர் அழுத்துவார். இரண்டு பேர் ஒரே சமயத்தில் அழுத்தினால் இரண்டு குரலும் கலந்து காதைக் கிழிக்கிற ஒரு ஊளை கிளம்பும். பேச்சு புரியாது. ஆனால் இரண்டு பேர் பேசினார்கள் என்பது புரியும். கட்டுப்பாட்டு ஆள் 'ரெண்டு பேர் பேசினீங்க, மறுபடி சொல்லுங்க' என்பார். தலைமுறை தலைமுறையாக அந்த ஊளையோடுதான் இந்தத் தொழில் நடந்தது.

2041இல் வந்த தெளிவி ஊளையை எடுத்துவிட்டது. கலந்த குரல்களில் வலுவானதைப் பிரித்து, பட்டுத் துணியில் துடைத்த மாதிரி காதுக்குக் கொடுத்தது. வலுவில்லாததை விட்டுவிட்டது.

சோதனை ஓட்டத்துக்கு ஆறு கட்டுப்பாட்டாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தாட்சாயணி அதில் ஒருத்தி. ஆரம்பத்தில் தெளிவி ஒரு குரலை விட்டுவிடும்போதெல்லாம் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு மின்னும். 'இன்னொருவரும் பேசினார்' என்று அர்த்தம். ஒரு வேளைப் பணியில் நாற்பது தடவை மின்னியது. பட்டனில் விரல் பட்டதற்கெல்லாம் மின்னியது. நாற்பதில் முப்பத்தைந்து தடவை யாரும் பேசியிருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வேலையை நிறுத்தி 'யார் பேசினீங்க?' என்று கேட்டுக் கேட்டு, அவளுக்கு மாலையில் ஒற்றைத் தலைவலி மண்டையைப் பிளந்தது.

அறிக்கையில் அவள்தான் எழுதினாள்: 'சிவப்புப் பொட்டு கவனத்தைச் சிதறடிக்கிறது. எங்களுக்குத் தேவை ஒரே ஒரு தெளிவான குரல். நீக்கிவிடலாம்.' மற்ற ஐந்து பேர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள். பொட்டை எடுத்துவிட்டார்கள். வாசகம் அவளுடையது.

அதை அவள் விசாரணையில் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை.

லீவில் அவள் மூணாறு போகவில்லை. வீட்டில் இருந்தாள். இரண்டாம் நாள் காலை சாப்பாட்டு மேசையில் கணவனும் மகளும் ஒரே சமயத்தில் ஏதோ சொன்னார்கள். அவன் கேஸ் சிலிண்டரைப் பற்றி, அவள் பள்ளிச் சுற்றுலாவைப் பற்றி.

"ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க," என்றாள் தாட்சாயணி. "அவ என்ன சொன்னா? எனக்கு அவ சொன்னது கேக்கல. அவ என்ன சொன்னா?"

"ஸ்வெட்டர் வாங்கணும்னு சொன்னேம்மா," என்றாள் மகள் பயந்து போய். "அவ்ளோதான்."

இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். லீவை ரத்து செய்துகொண்டு மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள்.

அங்கேதான் பேச்சிமுத்து பிடித்துக்கொண்டார். விமான நிலையத் தீயணைப்பு நிலையத்தின் பொறுப்பாளர். அன்றைக்கு முட்டளவு உப்புச் சேற்றில் முதல் ஆளாக இறங்கியவர். கேண்டீனில் வடையும் காபியுமாக எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அன்னைக்கு நீங்க சரக்கு விமானத்தை இறங்கச் சொன்னதும் ஒரு ஊளை வந்துச்சே. அதைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கிறாங்களே, ஏன்?"

கையிலிருந்த டம்ளரை அவள் கீழே வைத்தாள். வைத்த சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

"எங்களுக்கு ஊளை கேக்காதுண்ணே. தெளிவி எடுத்துரும்."

"அதான பார்த்தேன். எங்களுக்கு அந்த மிஷினைத் தரலையே. மூணு வருஷமா எழுதிப் போடுறேன். உங்க பேச்சைக் கேக்குறதுக்கு எங்ககிட்ட இருக்கிறது அதே பழைய டப்பா. நாள் முழுக்க ஊளைதான். பசங்க பழகிட்டானுங்க. தாலாட்டு மாதிரி தூங்குறானுங்க." வடையைப் பிட்டார். "பதிவும் ஆகும் மேடம். ஆறு மாசத்துக்கு இருக்கும். அதுக்கப்புறம்தான் அழியும்."

"விசாரணையில கேட்டாங்களா?"

"தீயணைப்புக்காரன்கிட்ட எத்தனை நிமிஷத்துல போனேன்னு கேப்பாங்க. என்ன கேட்டுச்சுன்னு எவன் கேப்பான்?"

தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில், பூட்ஸ்களும் ரப்பர் வாடையும் சூழ, பேச்சிமுத்து பழைய பெட்டியைத் தட்டினார். தாட்சாயணியின் குரல் கரகரப்பாக வந்தது. மூவாயிரம் அடி, எட்டாம் ஓடுபாதை. அவள் பேசி முடித்த மறு நொடி ஊளை பிடித்தது. கொஞ்ச நேரம் கத்தி, நின்றது. ஊளை ஓய்ந்த இடத்தில் சரக்கு விமானியின் பேச்சுடைய வால் மட்டும் கேட்டது.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். அவள் ஆறு தடவை கேட்டாள். ஏழாவது தடவை கேட்கவில்லை. கையால் வேண்டாம் என்று காட்டினாள். ரொட்ரிகோ சொன்னது உண்மைதான். அந்த மனிதர் சொன்னது உண்மை. அவர் பேசியிருக்கிறார். அந்தக் குரலைக் கேட்காதபடிக்குக் காதை அடைத்துக்கொண்டது இவள், அதுவும் எழுதிக் கையெழுத்துப் போட்டு.

"என்ன மேடம், முகம் இப்படிப் போச்சு? ஏதாவது குடிக்கிறீங்களா?"

"இதை எனக்குக் காப்பி எடுத்துக் கொடுங்கண்ணே. யார் கேட்டாலும், நான்தான் கேட்டு வாங்கினேன்னு சொல்லுங்க. உங்க மேல எதுவும் வரக் கூடாது."

"என் மேல என்ன வரும்? வந்தா நல்லதுதான். அப்பவாவது புது டப்பா குடுப்பானுங்க."

தெளிவியைச் செய்த கம்பெனியின் பொறியாளர் இம்தியாஸ் சோதனை ஓட்டத்தின்போது அவளுக்குப் பழக்கம். மெலிந்த இளைஞன், எப்போதும் சட்டைப் பையில் இரண்டு பேனா. விமான நிலையத்திலேயே அவனுக்கு ஒரு அறை இருந்தது. பதிவைத் தன் கணினியில் போட்டு இரண்டு முறை ஓட்டிப் பார்த்தான்.

"எங்ககிட்ட இந்தக் கச்சாச் சத்தம் இருக்காது மேடம். துடைச்சதை மட்டும்தான் சேத்து வைப்போம். அழுக்குத் தண்ணியை யாராவது பாட்டில்ல பிடிச்சு வைப்பாங்களா?"

"இது யாரோட குரல்னு சொல்ல முடியுமா?"

"குரலைச் சொல்ல முடியாது. இந்தப் பெட்டி ரொம்ப மட்டம். வார்த்தையெல்லாம் நசுங்கிப் போச்சு. அதை நானில்ல, யாராலயும் எடுக்க முடியாது. ஆனா எந்த ரேடியோன்னு சொல்லிடலாம்." அவன் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினான். "பட்டனை அழுத்தின உடனே ஒவ்வொரு ரேடியோவும் ஒரு சின்ன இருமல் இருமும். ஒண்ணு இருமுற மாதிரி இன்னொண்ணு இருமாது. இது சரக்கு விமானம். அதோ பாருங்க, அடியில இன்னொரு இருமல். இது குருவி ஏழு. முந்தின நாள் இந்த விமானம் தனியாப் பேசின எங்க பதிவுலயும் இதே இருமல் இருக்கு. ஒத்துப் போகுது."

"அப்ப அவர் பேசினார்."

"அந்த விமானத்துல இருந்து யாரோ பட்டனை அழுத்திப் பேசியிருக்காங்க. மூணு செகண்ட் சொச்சம். நம்ம தெளிவி பெரிய விமானத்தோட குரல் வலுவா இருந்ததால அதை வச்சுக்கிட்டு, சின்னதைத் தூக்கிப் போட்டுருச்சு."

"பொட்டு இருந்திருந்தா?"

இம்தியாஸ் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தான், மூடினான். "பொட்டு இருந்திருந்தா மின்னியிருக்கும் மேடம். நீங்க 'இன்னொருத்தர் யாரு, சொல்லுங்க'ன்னு கேட்டிருப்பீங்க."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதனாலேயே இன்னும் அதிகமாக வலித்தது.

"நாளன்னைக்குக் கடைசி விசாரணை. இதைக் கொடுக்கப் போறேன்."

"யோசிச்சுக்கங்க," என்றான் அவன் தணிந்த குரலில். "கொடுத்தா எங்க கம்பெனி சும்மா இருக்காது. முதல் வேலையா உங்க அறிக்கையைத்தான் மேசையில போடுவாங்க. 'நாங்க பொட்டு வச்சுத்தான் கொடுத்தோம், அவங்க எடுக்கச் சொன்னாங்க'ன்னு. உங்க கையெழுத்துதான் முதல் கையெழுத்து."

"தெரியும்."

"ஆறு பேர் போட்டீங்க. நீங்க ஒருத்தர் மட்டும் எதுக்கு..."

"எழுதினது நான் இம்தியாஸ். மத்தவங்க தலைவலிக்கு நானா மருந்து எழுதிக் கொடுத்தேன்? என் தலைவலிக்கு எழுதினேன்."

அவன் பதிவையும் தன் கணிப்பையும் ஒரு சின்ன நினைவுத் தகட்டில் போட்டு அவளிடம் கொடுத்தான்.  அவனுக்கும் வேலை இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது. அப்படியும் கொடுத்தான்.

நேராக விசாரணைக்குப் போயிருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஊரெல்லாம் பொய்யன் என்று சொன்ன ஒருவரிடம், நீங்கள் பொய்யன் இல்லை என்பதை முதலில் அவருக்குத்தான் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்பதற்கும் வேறு இடமில்லை.

மறுநாள் காலை ரயிலில் தூத்துக்குடி போய் இறங்கினாள்.

மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, கடற்காற்றில் பெயின்ட் உரிந்த பச்சைக் கதவு. ரொட்ரிகோவின் மனைவி ஃபிலோமினா திறந்தாள். யார் என்று கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வழி விட்டாள். ரொட்ரிகோ கட்டில் ஓரமாக, நடைச் சட்டத்தைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் உட்கார்ந்தார்.

"வாங்க மேடம். கட்டுப்பாட்டுல இருந்து வீடு தேடி வந்திருக்கியளா. இங்க எத்தன அடியில நிக்கணும்னு சொல்லுங்க, நின்னுக்கிடுதேன்."

"கேப்டன்..."

"சும்மா சொன்னேன். உக்காருங்க. ஃபிலோ, டீ போடு. சண்ட போட வந்தவங்களுக்கும் டீ உண்டு."

"சண்டை போட வரல. மன்னிப்புக் கேட்க வந்தேன்."

அவருடைய முகத்திலிருந்த கேலி நின்றது.

தாட்சாயணி எல்லாவற்றையும் சொன்னாள். தெளிவி, சிவப்புப் பொட்டு, தலைவலி, அறிக்கையின் வாசகம், தீயணைப்பு நிலையத்துப் பழைய பெட்டி, ரேடியோவின் இருமல். நடுவில் ஃபிலோமினா டீ கொண்டு வந்து வைத்தாள்; கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். 

"நீங்க பேசினீங்க கேப்டன். எனக்கு அது கேக்காமப் போனதுக்கு நான்தான் காரணம். விசாரணையில என்கிட்ட கேட்டப்ப நான் வாயை மூடிக்கிட்டேன். அது இதைவிடப் பெரிய தப்பு. நாளைக்கு இதைக் கொடுத்துட்டு, எல்லாத்தையும் சொல்லப் போறேன்."

ரொட்ரிகோ டீயைத் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ மீன் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஊளையில வார்த்த ஏதும் கேக்குதா?" என்றார் கடைசியில்.

"இல்ல. நசுங்கிப் போச்சு. யாராலயும் எடுக்க முடியாதாம். உங்க ரேடியோ பேசுச்சுங்கிறது மட்டும்தான் நிரூபணம்."

"அப்ப, என்ன பேசுனோங்கிறதுக்கு?"

"உங்க வாக்குமூலம் இருக்கே. இனிமே அதைப் பொய்னு யாரும் சொல்ல முடியாது. நீங்க திருப்பிச் சொல்லியிருக்கீங்க, நாங்க மறுக்கல. மறுக்கலன்னா சரின்னு எடுத்துக்கறதுதானே நம்ம தொழில் வழக்கம். வழக்கு நிக்காது. உரிமம் திரும்பி வரும்."

அவர் தலையசைத்தார். சந்தோஷப்படுகிற மனிதரின் தலையசைப்பாக அது இல்லை. எங்கோ ஒரு கணக்கு தப்பாக வந்துவிட்டது போல, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வேல?"

"போயிடும்."

"எத்தன வருச சர்வீஸ்?"

"பதினேழு."

"புள்ளையள் உண்டா?"

"ஒரு பொண்ணு. எட்டாவது படிக்கிறா."

"ம்." நடைச் சட்டத்தை அருகே இழுத்துக்கொண்டார். "அந்தப் புள்ளையோட அப்பா முந்தாநாத்து வந்திருந்தாரு. கனிஷ்காவோட அப்பா. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதும் வேணுமான்னு என்ட்ட கேக்காரு. என்ட்ட. எம் மவ கடைசியா ஒங்ககூடத்தான சார் இருந்தா, நீங்க நல்லா இருக்கணும்னாரு."

 அந்தத் தகப்பனிடமும் அவள் போக வேண்டும். இன்னும் மூன்று வீடுகளுக்குப் போக வேண்டும்.

"மேடம், ஒரு சந்தேகம்," என்றார் ரொட்ரிகோ. குரல் தேய்ந்திருந்தது. "ஊள எவ்வளவு நேரம்னு சொன்னீங்க?"

"மூணு செகண்டும் கொஞ்சமும்."

"நீங்க குடுத்த உத்தரவத் திருப்பிச் சொல்லிப் பாருங்க. உயரம், ஓடுபாத, விமானத்துப் பேரு, எல்லாம் சேத்து. நாங்க சொல்லுத வேகத்துலயே சொல்லுங்க."

அவள் சொல்லிப் பார்த்தாள். மூவாயிரத்துக்கு இறங்குகிறோம், எட்டாம் ஓடுபாதை, குருவி ஏழு. கைக்கடிகாரத்தில் ஐந்து விநாடி ஓடியது. அவசரமாக இன்னொரு முறை சொன்னாள். நாலரை. மூன்று விநாடிக்குள் அது அடங்கவில்லை.

தலை நிமிர்ந்தபோது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.  அவள் எடுத்து வைத்திருந்த தகடு இரண்டு பேருக்கும் நடுவில், டீ டம்ளருக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் ஒரு வார்த்தையும் பேசாமலிருந்தால் போதும். நாளைக்கு அவர் குற்றமற்றவர். அது இருவருக்கும் தெரிந்தது.

"நாங்க திருப்பிச் சொல்லல தாயி, அந்தப் புள்ள கேட்டா," என்றார் ரொட்ரிகோ. "கனிஷ்காதான் பட்டன அழுத்தி 'இது எங்களுக்கா'ன்னு கேட்டா, பதில் வரல, 'இன்னொரு தடவ கேக்கட்டா கேப்டன்'ன்னு என்னத் திரும்பிப் பாத்தா; 'அதான் யாரும் மறுக்கலல்லா, இறக்கு'ன்னு சொன்னது நான்."